மணல் மூடிய பாதை

நமீபியப் பாலைவனத்துக் கோல்மன்ஸ்கொப்பில் அனுமதிச்சீட்டுடன் நடப்பவர்கள், கைவிடப்பட்ட வீடுகளுக்குள் குவிந்த மணலைப் படமெடுத்துத் திரும்புகிறார்கள். எனக்கோ அருகிலுள்ள லூடெரிட்ஸ் புகையிரதப் பாதைதான் முக்கியம். அதை இட்டவர்களில் சுறாத்தீவு முதலான முகாம்களின் ஹெரேரோ, நாமா கைதிகளும் அடங்குவர். 1906 ஜனவரியிலிருந்து 1907 ஜூன் வரை அங்கு வேலைவாங்கப்பட்ட 2,014 கைதிகளில் 1,359 பேர் இறந்துபோயினர். இது ஜேர்மன் ஆவணக் கணக்கு; எதிரிகளின் பிரசாரமல்ல.

1908 இல் அதே பாதையில் மணல் அள்ளிய சகரியாஸ் லெவாலா வைரமொன்றைக் கண்டெடுத்து, மேற்பார்வையாளர் அவுகுஸ்ட் ஸ்ரௌக்கிடம் கொடுத்தார். ஸ்ரௌக் செல்வந்தரானார். லெவாலாவுக்கு ஒன்றுமில்லை.

விரிவுரையாளனாயிருந்த காலத்தில் நானும் ஸ்ரௌக்குகளின் பெயர்களையே மாணவரை மனனம் செய்வித்தேன். இன்று தொழிற்சாலையில் பெட்டி அடுக்கும்போதுதான் அது உறைக்கிறது.

நகரம் 1956 இல் முற்றாகக் கைவிடப்பட்டது. நடந்தது இனப்படுகொலையே என்று ஜேர்மன் அரசு முறைப்படி ஒப்புக்கொண்டது 2021 மே மாதத்தில்.