கட்டிய நாடு போன பிறகும் ஓடிய கப்பல்கள்

பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 'கோந்த்ர் தொர்ப்பீயேர்' என்ற சொல் ஞாபகம் இருக்கலாம். தொர்ப்பீயேர் என்பது டார்ப்பிடோ வீசும் சிறு கப்பல். அதைத் துரத்தி அடிக்க உண்டானது கோந்த்ர் தொர்ப்பீயேர். ஆங்கிலேயர் அதையே டெஸ்ட்ராயர் என்றார்கள், நம் பத்திரிகைகள் நாசகாரி என்று எழுதுகின்றன. பெயரைக் கேட்டால் ஊரை அழிக்க வந்தது மாதிரி இருக்கும். பெரிய கப்பல்களுக்குப் பக்கத்தில் காவல் நிற்பதுதான் அதன் வேலை. 1914 செப்டம்பரில் சென்னைமேல் குண்டு போட்டதே எம்டன், அது அடுத்த மாதம் பினாங்கு அருகே மூழ்கடித்த 'முஸ்கே' என்ற பிரெஞ்சுக் கப்பல் இந்த ரகம்தான்.

நம் கடற்படையில் இந்த ரகத்தில் அதிக காலம் உழைத்தவை ராஜ்புத் வகைக் கப்பல்கள். ராஜ்புத், ராணா, ரஞ்சித், ரண்வீர், ரண்விஜய் என மொத்தம் ஐந்து. முதல் மூன்று பெயர்களும் புதியவை அல்ல. சுதந்திரம் வந்ததும் 1949-ல் பிரிட்டனிடமிருந்து வாங்கிய மூன்று பழைய நாசகாரிகளுக்கும் அதே பெயர்கள்தான் வைத்திருந்தார்கள். ரோதர்ஹாம் என்ற கப்பல் ராஜ்புத் ஆயிற்று. 1971 போரில் விக்ராந்த் கப்பலைத் தேடி பாகிஸ்தானின் காஸி என்ற நீர்மூழ்கி வங்கக் கடலுக்கு வந்தபோது, இந்தக் கிழட்டு ராஜ்புத்தான் விசாகப்பட்டினத்தில் நின்று, தானே விக்ராந்த் என்பதுபோல் வானொலிச் செய்திகள் அனுப்பி ஏமாற்றியது. டிசம்பர் 3 நள்ளிரவு வாக்கில் காஸி அங்கேயே மூழ்கியது. ராஜ்புத் போட்ட ஆழ்கடல் குண்டுகளால் என்று நம்மவர்களும், உள்ளே நேர்ந்த விபத்து என்று அவர்களும் சொல்கிறார்கள். எப்படியானாலும் பெயருக்கு மவுசு வந்துவிட்டது. அடுத்து வந்த புதுக் கப்பலுக்கும் அதையே வைத்தார்கள்.

புதியவை சோவியத் நாட்டின் 'காஷின்' வகையைத் திருத்திக் கட்டியவை. காஷின் 1962-ல் வந்தது. நீராவி இல்லாமல் முழுக்க வாயு டர்பைனில் ஓடிய முதல் பெரிய போர்க்கப்பல்கள் அவை. டர்பைன் போடும் ஊளைச் சத்தத்தால் சோவியத் மாலுமிகள் அவற்றைப் 'பாடும் கப்பல்கள்' என்பார்களாம். நமக்காகக் கட்டியபோது பின்பக்கத்துப் பீரங்கியை எடுத்துவிட்டு ஹெலிகாப்டருக்கு இடம் செய்தார்கள். ஹெலிகாப்டர் தளத்தில் இறங்கியதும் லிஃப்டில் கீழே கொட்டகைக்குப் போய்விடும். நீளம் சுமார் 147 மீட்டர், எடை ஐயாயிரம் டன்னுக்குக் கொஞ்சம் குறைவு, வேகம் மணிக்கு 35 கடல் மைல்.

கட்டிய இடம் நிக்கொலாயெவ் நகரில், '61 கொம்யூனார்கள்' என்ற பெயருள்ள தளம். கொம்யூனார் என்றதும் எனக்கு 1871 பாரிஸ் கொம்யூன் கதைதான் நினைவுக்கு வந்தது. நம் ஊர்க்காரர்களுக்கோ கொம்யூன் என்றால் வில்லியனூர் கொம்யூன், பாகூர் கொம்யூன், வீட்டு வரி ரசீது. அங்கே அது 1919 உள்நாட்டுப் போரில் அந்த ஊரில் சுட்டுக் கொல்லப்பட்ட 61 பேரின் நினைவாம்.

1980 மே 4-ஆம் தேதி கருங்கடல் ஓரம் போத்தி துறைமுகத்தில் ராஜ்புத்தில் நம் கொடி ஏறியது. ஏற்றுவித்தவர் அப்போது மாஸ்கோவில் தூதராக இருந்த ஐ.கே. குஜ்ரால், பின்னாளில் பிரதமர். முதல் கேப்டன் குலாப் ஹீரானந்தானி 1971-ல் மேற்குக் கடற்படைப் பிரிவில் இருந்து கராச்சித் தாக்குதலைத் திட்டமிட்டவர்களில் ஒருவர், பிற்காலத்தில் கடற்படை வரலாற்றைப் புத்தகங்களாக எழுதியவர். மற்ற நான்கு கப்பல்களும் 1988-க்குள் வந்து சேர்ந்தன. 1983-ல் ரஞ்சித்தின் முதல் கேப்டனாக இருந்த விஷ்ணு பகவத் கடற்படைத் தளபதியாகி, 1998 டிசம்பரில் பதவி நீக்கம் செய்யப்பட்டதைப் பேப்பரில் படித்திருப்பீர்கள்.

ஐந்தும் வந்து சேர்ந்து நான்கு ஆண்டுகூட ஆகவில்லை, கட்டிக் கொடுத்த நாடே இல்லாமல் போயிற்று. 1991-க்குப் பிறகு நிக்கொலாயெவ் உக்ரைனில், போத்தி ஜார்ஜியாவில், ஆயுதம் செய்தவர்கள் பெரும்பாலும் ரஷ்யாவில். ஒரு உதிரிபாகத்துக்கு எந்த நாட்டுக் கதவைத் தட்டுவது? இந்தச் சங்கடம் புதுச்சேரிக்காரனுக்குச் சட்டென்று புரியும். 1954 நவம்பர் 1-ல் இங்கே கொடி ஒரே நாளில் மாறியது. ஆனால் பிறப்பு, இறப்பு, நிலப் பதிவேடுகள் பிரெஞ்சிலேயே இருந்தன, அவற்றைப் படிக்கத் தெரிந்த எழுத்தர்களுக்கு ரொம்ப நாள் மதிப்பு இருந்தது. விசாகப்பட்டினம் கடற்படைப் பட்டறையிலும் ரஷ்ய மொழிக் கையேடு படிக்கத் தெரிந்த தொழிலாளிகள், மாலுமிகள் அப்படித்தான் இருந்திருப்பார்கள். கப்பல்கள் நாற்பது வருடம் ஓடியதற்கு நான் முதலில் நன்றி சொல்வது அவர்களுக்கு.

வெறுமனே ஓட்டிக்கொண்டு இருந்துவிடவும் இல்லை. பிரம்மபுத்திரா, மாஸ்கோவா இரண்டு நதிகளின் பெயரையும் சேர்த்து பிரமோஸ் என்று ஒரு ஏவுகணை ரஷ்யாவோடு கூட்டாகச் செய்தார்கள் அல்லவா? 290 கிலோமீட்டர் போகும், ஒலியைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல் வேகம். 2001 ஜூனில் சண்டிப்பூரில் தரையிலிருந்து முதல் சோதனை. கடலில் அதைச் சுமந்த முதல் கப்பல் ராஜ்புத். பழைய ஏவுகணைக் கூண்டுகளில் இரண்டைக் கழற்றிவிட்டு பிரமோஸ் பெட்டிகளை வைத்தார்கள். 2008 டிசம்பர் 18 அன்று ரண்வீரிலிருந்து அதைச் செங்குத்தாகவே ஏவிப் பார்த்தார்கள். பழைய உடம்பில் புதுக் கை பொருத்தின மாதிரி. புதுக் கப்பல்களில் பிரமோஸை ஏற்றத் தைரியம் வந்தது இந்தப் பழைய கப்பல்களில் பழகிய பிறகுதான்.

இனிச் சொல்வது எனக்குக் கொஞ்சம் கனமான பகுதி. ராஜ்புத்தின் பணிப் பட்டியலில் 'ஆபரேஷன் அமன்', 'ஆபரேஷன் பவன்' என்று இரண்டு பெயர்கள் வரும். இலங்கைக்கு அமைதிப்படை போனபோது அந்தக் கடலில் காவல் பார்த்த காலம். அடுத்து 1988-ல் மாலத்தீவு. அங்கே ஆட்சியைக் கவிழ்க்கப் போன கூலிப்படையும் ஈழத்துத் தமிழ் இயக்கம் ஒன்றைச் சேர்ந்தவர்களே. அதிகாரக் குறிப்பில் எல்லாம் ஒவ்வொரு வரி. காரைக்காலில் வேலை பார்த்தவர்களுக்கும் வேதாரண்யத்தில் சொந்தம் உள்ளவர்களுக்கும் அது ஒரு வரியில் முடிகிற கதை அல்ல. நம் பக்கத்துப் பிள்ளைகளும் அந்தச் சீருடையில் போனார்கள், அந்தப் பக்கம் இறந்தவர்களும் நம் மொழி பேசியவர்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் திரும்பவில்லை. எத்தனை தமிழ்க் குடும்பங்கள் அழிந்தன என்பதற்கு இரு தரப்பும் ஒத்துக்கொண்ட கணக்கு ஒன்று கிடையாது. 1990 மார்ச்சில் படை திரும்பியது. கப்பல் உத்தரவுப்படி போகும், உத்தரவுப்படி நிற்கும், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 'சேவை' என்ற சொல்லை எழுதும்போது அந்த இரண்டரை வருடத்தையும் சேர்த்தே எழுத வேண்டும் என்பது என் கட்சி.

அதே வகைக் கப்பல்தான் 2004 சுனாமியின்போது நிவாரணத்துக்கும் போனது. மூர்த்திக்குப்பம், நரம்பைப் பக்கம் அலை புகுந்ததைப் பார்த்தவர்களுக்கு அந்த டிசம்பரை விளக்கத் தேவையில்லை. அந்த வேலையில் இருந்த ரஞ்சித், 2014-ல் ஹுட்ஹுட் புயலுக்கும் போனது. 2008-ல் பர்மாவை நர்கீஸ் புயல் அடித்தபோது ரங்கூனுக்குச் சாமான் கொண்டுபோனது ராணா.

ரஞ்சித் 2019 மே 6-ஆம் தேதி ஓய்வு பெற்றது. கடலில் 2,190 நாள், 7,43,000 கடல் மைல் என்று கணக்குக் காட்டினார்கள். பூமியை முப்பத்தைந்து தடவை சுற்றியதற்குச் சமமாம். ராஜ்புத் 2021 மே 21. கேப்டன்கள் மட்டும் 31 பேரைப் பார்த்த கப்பல். பழைய கேப்டன்கள் எல்லோரும் வந்து நிற்க வேண்டிய விழா. கொரோனா இரண்டாம் அலை நேரம் என்பதால் விசாகப்பட்டினத்தில் அப்போது பணியில் இருந்தவர்கள் மட்டும் கூடி, சூரியன் மறையும் நேரத்தில் கொடியை இறக்கினார்கள்.

எட்டு மாதம் கழித்து, 2022 ஜனவரி 18 அன்று, மும்பை துறைமுகத்தில் நின்றிருந்த ரண்வீரின் உள்ளறை ஒன்றில் வெடிவிபத்து. கடற்படையினர் மூன்று பேர் இறந்தார்கள், பதினோரு பேருக்குக் காயம். முந்தின நவம்பரில் கிழக்குக் கரையிலிருந்து அங்கே பணிக்குப் போயிருந்த கப்பல் அது. சீக்கிரமே விசாகப்பட்டினம் திரும்புவதாக இருந்தது.