ஐபோன் 6, ஐபோன் 6 பிளஸ்

ஐபோன் 6, ஐபோன் 6 பிளஸ் ஆகியவை ஆப்பிள் நிறுவனம் 2014 செப்டம்பர் 9 அன்று கலிபோர்னியாவின் கூப்பர்டினோ நகரில் அறிமுகம் செய்த இணைத் திறன்பேசிகள். முதலாவது 4.7 அங்குலத் திரை கொண்டது, இரண்டாவது 5.5 அங்குலத் திரை கொண்டது. ஓர் ஆண்டின் முதன்மைக் கைப்பேசியை ஆப்பிள் இரண்டு அளவுகளில் விற்றது இதுவே முதல் முறை. செயலி, நினைவகம், இயங்குதளம் மூன்றும் இரண்டிலும் ஒன்றே. வேறுபாடு அளவில் மட்டும்தான் என்று கடைகளில் சொல்லப்பட்டாலும், பேட்டரியிலும் கேமராவிலும் பெரியதற்கே கூடுதல் பங்கு கிடைத்தது.

திரை அளவின் முன்வரலாறு

2007 ஜூனில் விற்பனைக்கு வந்த முதல் ஐபோனின் திரை 3.5 அங்குலம். அன்றைக்கு அது பெரிய திரை. அதே ஆண்டில் விற்ற நோக்கியா என்95 கைப்பேசியின் திரை 2.6 அங்குலம்தான். ஐபோனில் எண் விசைகள் கிடையாது என்பதால் முன்பக்கத்தில் பெரும்பகுதியைத் திரைக்கே ஒதுக்க முடிந்தது. அடுத்து வந்த 3ஜி, 3ஜிஎஸ், 4, 4எஸ் ஆகிய நான்கும் அதே 3.5 அங்குலத்தில் நின்றன. ஐபோன் 4 பிக்சல் அடர்த்தியை இரண்டு மடங்காக்கியதே தவிர, அளவைத் தொடவில்லை.

இந்த இடைவெளியில் ஆண்ட்ராய்டு முகாம் வேகமாக வளர்ந்தது. 2010இல் சாம்சங் கேலக்சி எஸ் நான்கு அங்குலத்தோடும், எச்டிசி ஈவோ 4ஜி 4.3 அங்குலத்தோடும் வந்தன. அதே ஆண்டில் டெல் நிறுவனம் ஸ்ட்ரீக் என்ற பெயரில் 5 அங்குலக் கருவி ஒன்றை விற்றது. போனா பலகைக் கணினியா என்று வாங்குபவரால் தீர்மானிக்க முடியாமல் அது தோற்றது. 2010 ஜூலையில் ஐபோன் 4இன் அலைவாங்கிச் சிக்கல் குறித்து நடந்த செய்தியாளர் சந்திப்பில், கைக்குள் அடங்காத போனை யாரும் வாங்கப்போவதில்லை என்ற பொருளில் ஸ்டீவ் ஜாப்ஸ் பேசினார். பெரிய திரையைப் பற்றி ஆப்பிளின் கொள்கை என்று பின்னாளில் மேற்கோள் காட்டப்பட்டதெல்லாம் பெரும்பாலும் இந்தப் பேச்சுதான்.

அந்தக் கணிப்பைப் பொய்யாக்கியது 2011 செப்டம்பரில் பெர்லின் ஐஎஃப்ஏ கண்காட்சியில் சாம்சங் காட்டிய கேலக்சி நோட். 5.3 அங்குலத் திரை, கூடவே ஓர் எழுதுகோல். காதருகே வைத்துப் பேசினால் முகத்தையே மறைக்கிறது என்று விமர்சகர்கள் கேலி செய்தார்கள். வாங்கியவர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. 2012 ஆகஸ்டுக்குள் ஒரு கோடி நோட் விற்றுவிட்டதாகச் சாம்சங் அறிவித்தது. அடுத்து வந்த நோட் 2 5.5 அங்குலம், நோட் 3 5.7 அங்குலம். போனையும் டேப்லெட்டையும் ஒட்டவைத்த ஃபேப்லெட் என்ற அழகற்ற சொல் செய்தித்தாள்களில் பரவியது இந்த ஆண்டுகளில்தான்.

ஆப்பிளின் பதில் அரைமனத்தோடு வந்தது. 2012இன் ஐபோன் 5 4 அங்குலத் திரையோடு வந்தது. ஆனால் அதன் அகலம் 4எஸ் போலவே 58.6 மி.மீ.தான். திரை நீண்டதே ஒழிய அகலவில்லை. கட்டைவிரல் திரையின் எல்லா மூலைகளையும் எட்டும் என்று அப்போது தொலைக்காட்சி விளம்பரமும் வெளியிட்டார்கள். உள்ளே நிலவரம் வேறாக இருந்தது. 2014 ஏப்ரலில் சான் ஹோசே நீதிமன்றத்தில் ஆப்பிளுக்கும் சாம்சங்குக்கும் நடந்த காப்புரிமை வழக்கில் ஆப்பிளின் உள் ஆவணம் ஒன்று வெளிவந்தது. சந்தையின் வளர்ச்சி 4 அங்குலத்துக்கு மேற்பட்ட கைப்பேசிகளிலும் 300 டாலருக்குக் குறைந்த கைப்பேசிகளிலும்தான் இருக்கிறது, மக்கள் கேட்பது நம்மிடம் இல்லை என்று நிறுவனத்தின் விற்பனைப் பிரிவே எழுதி வைத்திருந்தது. விலையைக் குறைக்க ஆப்பிளுக்கு மனமில்லை; எஞ்சிய வழி திரையைப் பெரிதாக்குவதே.

இரட்டை அளவுகளின் வகைப்பாடு

ஒரே பெயரில் இரண்டு அளவுக் கைப்பேசிகளை விற்பதில் 2014க்கு முன் மூன்று வழக்கங்கள் இருந்தன.

மிகப் பரவலானது சுருக்கப் பதிப்பு. கேலக்சி எஸ்3 மினி, எஸ்4 மினி, எச்டிசி ஒன் மினி ஆகியவை இவ்வகை. பெயரும் முகமும் மூத்ததைப் போலிருக்கும். செயலியும் கேமராவும் திரையும் ஒரு படி தாழ்ந்திருக்கும். சிறிய போன் என்றாலே மலிவான போன் என்ற எண்ணத்தை விதைத்தவை இவை.

இரண்டாவது, பருவ வழக்கம். சாம்சங் வசந்தத்தில் எஸ் வரிசையையும் இலையுதிர் காலத்தில் நோட் வரிசையையும் வெளியிட்டது. பெரியது ஆறு மாதம் இளையது என்பதால் இயல்பாகவே உள்ளமைப்பில் முந்தியிருக்கும்.

மூன்றாவதுதான் உண்மையான இரட்டை: உள்ளே ஒன்றாகவும் வெளியே மட்டும் வேறாகவும் இருப்பது. இதைச் செம்மையாகச் செய்தது ஜப்பானின் சோனி. 2014 ஜனவரியில் வந்த 4.3 அங்குல எக்ஸ்பீரியா இசட்1 காம்பாக்ட், 5 அங்குல இசட்1இன் அதே ஸ்னாப்டிராகன் 800 செயலியையும் அதே 20.7 மெகாபிக்சல் கேமராவையும் கொண்டிருந்தது. ஆப்பிளின் மேடைக்கு ஆறு நாள் முன்பு, செப்டம்பர் 3 அன்று, பெர்லினில் இசட்3, இசட்3 காம்பாக்ட் இரண்டையும் ஒரே நாளில் சோனி காட்டியது. நேர்மையான இரட்டை அளவு என்ற பெருமை சோனிக்கே உரியது. ஆனால் அந்தக் கைப்பேசிகளைச் சந்தை நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

ஐபோன் 6 இணை இந்த மூன்றில் எதிலும் முழுதாக அடங்காது. செயலி அளவில் மூன்றாம் வகை. கேமராவில் முதல் வகையின் சாயல் கொண்டது. சிறியதைத் தாழ்த்தாமல் பெரியதை உயர்த்துவது என்பதே ஆப்பிள் கண்ட வழி. வாங்குபவருக்கு இரண்டும் ஒரே கணக்குத்தான்.

உருவமும் திரையும்

ஐபோன் 6: 138.1 மி.மீ. உயரம், 67 மி.மீ. அகலம், 6.9 மி.மீ. தடிமன், 129 கிராம். பிளஸ்: 158.1 மி.மீ. உயரம், 77.8 மி.மீ. அகலம், 7.1 மி.மீ. தடிமன், 172 கிராம். திரைகளின் வேறுபாடு காதில் விழும்போது 0.8 அங்குலம்தான். ஆனால் அங்குலக் கணக்கு மூலைவிட்டத்தை அளப்பது. இரண்டும் 16:9 விகிதத்தில் இருப்பதால் பரப்பளவில் பிளஸின் திரை ஏறத்தாழ 37 விழுக்காடு பெரிது. எடையும் மூன்றில் ஒரு பங்கு கூடுதல்.

கையில் பிடிப்பதற்கு உயரத்தைவிட அகலமே முக்கியம். 58.6 மி.மீ. அகலத்துக்குப் பழகிய கைகளுக்கு 67 மி.மீ. ஒரு மாதத்தில் பழகிவிடும், 77.8 மி.மீ. இரு கை வேலை. இதை அறிந்தே முகப்புப் பொத்தானை இருமுறை தொட்டால் திரையின் மேற்பகுதி கீழே இறங்கிவரும் வசதியைச் சேர்த்தார்கள். அதுவரை உச்சியில் இருந்த தூக்கப் பொத்தானை வலப்பக்கத்துக்கு மாற்றினார்கள். பிளஸின் உயரத்துக்குத் திரை மட்டும் காரணமல்ல. 5.7 அங்குலத் திரை கொண்ட நோட் 3 151.2 மி.மீ. உயரம்தான். ஆப்பிளின் வட்டப் பொத்தானும், சமச்சீர் கருதி அதற்கு ஈடாக மேலே விடப்பட்ட பட்டையும் அந்த வீண் உயரத்தைத் தந்தன.

ஐபோன் 6இன் திரை 1334 × 750 பிக்சல், அங்குலத்துக்கு 326. பிளஸின் திரை 1920 × 1080 பிக்சல், அங்குலத்துக்கு 401. பிளஸில் ஒரு விசித்திரம் உண்டு. இயங்குதளம் படத்தை முதலில் 2208 × 1242 அளவில் வரைந்து, பிறகு திரைக்கு ஏற்பச் சுருக்கிக் காட்டியது. இரண்டிலும் அதே ஏ8 செயலி, அதே 1 ஜிபி நினைவகம் என்பதால், பெரியது அதே உழைப்பாளியைக் கொண்டு இரட்டிப்புக்கு மேலான வேலையைச் செய்ய வேண்டியிருந்தது.

மென்பொருளிலும் பிளஸுக்குத் தனி இடம். ஐஓஎஸ் 8 திரைகளை அங்குலத்தால் பிரிக்காமல் குறுகியது, இயல்பானது என்ற இரு அகல வகுப்புகளாகப் பிரித்தது. மற்ற ஐபோன்கள் எல்லாம் குறுகியவை, ஐபேட்கள் இயல்பானவை. பிளஸை நிமிர்த்திப் பிடித்தால் முதல் வகுப்பு, படுக்கை வாக்கில் திருப்பினால் இரண்டாம் வகுப்பு. அஞ்சல் செயலியில் இடப்பக்கம் பட்டியலும் வலப்பக்கம் கடிதமும் சேர்ந்து தெரிந்தது இதனால்தான். ஐபோன் 6இல் அப்படித் தெரியாது.

பேட்டரி, கேமரா

ஐபோன் 6இன் பேட்டரி 1810 எம்ஏஎச். பிளஸுடையது 2915 எம்ஏஎச், அதாவது 61 விழுக்காடு கூடுதல். திரைப்பரப்பு 37 விழுக்காடுதான் கூடியது என்பதை இதோடு சேர்த்துப் பார்த்தால் பிளஸ் ஏன் நெடுநேரம் தாக்குப்பிடித்தது என்பது விளங்கும். ஆப்பிளின் கணக்கில் 3ஜியில் பேசும் நேரம் முறையே 14 மணி, 24 மணி. காணொளி பார்க்கும் நேரம் 11 மணி, 14 மணி. பிளஸை வாங்கத் தகுந்த முதன்மைக் காரணம் இதுதான்.

பின்புறக் கேமரா இரண்டிலும் 8 மெகாபிக்சல். பிளஸில் மட்டும், கை நடுங்கினால் வில்லையே அசைந்து ஈடுசெய்யும் ஒளியியல் நிலைப்படுத்தி இருந்தது; மங்கிய ஒளியில் பயன் தரும். ஆனால் முதல் மாதங்களில் விற்ற பிளஸ் கைப்பேசிகள் சிலவற்றில் படங்கள் கலங்கித் தெரிய, 2015 ஆகஸ்டில் ஆப்பிள் அந்தக் கேமராக்களை இலவசமாக மாற்றித் தந்தது.

வளைவு

விற்பனை தொடங்கிய சில நாட்களில், கால்சட்டைப்பையில் வைத்த பிளஸ் வளைகிறது என்ற புகார் கிளம்பியது. கனடாவின் அன்பாக்ஸ் தெரபி யூடியூப் அலைவரிசை வெறுங்கையால் ஒன்றை வளைத்துக் காட்டிய காணொளி உலகைச் சுற்றியது. ஒன்பது வாடிக்கையாளர்கள் மட்டுமே புகார் சொன்னதாக ஆப்பிள் பதிலளித்தது. அமெரிக்காவின் கன்சூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் நடத்திய சோதனையில் ஐபோன் 6 70 பவுண்டு விசையிலும், பிளஸ் 90 பவுண்டு விசையிலும் உருக்குலைந்தன. அந்தக் கணக்கில் பெரியதே உறுதியானது. ஆனால் அந்தச் சோதனை நடுப்பகுதியை அழுத்தியது. பலவீனமோ ஒலிப்பொத்தான்களின் அருகே இருந்தது. 2018இல் வெளிவந்த நீதிமன்ற ஆவணங்கள் விஷயத்தை முடித்துவைத்தன. முந்தைய 5எஸ்ஸோடு ஒப்பிட, ஐபோன் 6 வளையும் வாய்ப்பு 3.3 மடங்கு, பிளஸ் வளையும் வாய்ப்பு 7.2 மடங்கு என ஆப்பிளே சோதித்து அறிந்திருந்தது. சட்டகம் நெளிந்ததால் தொடுதிரைச் சில்லுகளின் பற்று விட்டுப்போய், திரையின் மேல்விளிம்பில் சாம்பல் பட்டை துடிக்கும் நோயும் வந்தது. அது திரும்பத் திரும்பக் கீழே போடுவதால் வருகிறது என்று கூறி, 2016 நவம்பரில் பிளஸுக்கு மட்டும் 149 டாலர் கட்டணத்தில் பழுதுநீக்கும் திட்டத்தை நிறுவனம் அறிவித்தது. 2015இன் 6எஸ் இணைக்கு வலுவான 7000 வரிசை அலுமினியம் பயன்பட்டது.

விலையும் விற்பனையும்

அமெரிக்காவில் ஒப்பந்தமில்லா விலை ஐபோன் 6க்கு 649 டாலர், பிளஸுக்கு 749 டாலர். சேமிப்பகம் 16, 64, 128 ஜிபி. 32 ஜிபி இல்லை, 16 போதாதவர் நேரே 64க்குத் தாவ வேண்டியிருந்தது. செப்டம்பர் 19 அன்று அமெரிக்கா, ஜப்பான், சிங்கப்பூர் உள்ளிட்ட நாடுகளில் விற்பனை தொடங்கி, முதல் மூன்று நாளில் ஒரு கோடியைத் தாண்டியது. இந்தியாவுக்கு அக்டோபர் 17 அன்று வந்தன. 16 ஜிபி ஐபோன் 6இன் விலை 53,500 ரூபாய், பிளஸின் விலை 62,500 ரூபாய். 2014 அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான காலாண்டில் பழைய மாதிரிகளையும் சேர்த்து 7 கோடியே 45 லட்சம் ஐபோன்கள் விற்றன. சிறியது எத்தனை, பெரியது எத்தனை என்று ஆப்பிள் ஒருபோதும் பிரித்துச் சொல்லவில்லை.

பிந்தைய நிலை

2016 செப்டம்பரில் இரண்டும் நிறுத்தப்பட்டன. 32 ஜிபி ஐபோன் 6 மட்டும் 2017இல் இந்தியா உள்ளிட்ட ஆசியச் சந்தைகளில் மறுபடி தலைகாட்டியது. ஐஓஎஸ் 12 இவற்றுக்குக் கடைசி. பெரியதற்கே நல்ல கேமரா என்ற வழக்கம் ஐபோன் 7 பிளஸின் இரட்டைக் கேமராவோடு உறுதிப்பட்டு, ஐபோன் 15 புரோ மேக்ஸ் வரை விட்டுவிட்டுத் தொடர்ந்தது. செயலியிலும் கேமராவிலும் எதையும் குறைக்காத சிறிய ஐபோனாக 12 மினி, 13 மினி இரண்டும் வந்து நின்றுபோயின. 2025 செப்டம்பரில் வந்த ஐபோன் 17 வரிசையில் பிளஸ் இல்லை. அந்த இடத்தில் 6.5 அங்குலத் திரையும் 5.6 மி.மீ. தடிமனும் கொண்ட ஐபோன் ஏர் வைக்கப்பட்டது.