பொன்னுக்குள் அரக்கு

1929-இல் ஜே. ஏ. ரசல் மலாயாவின் கேமரன் மலையில் ‘போ’ (BOH) தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அங்கே கொழுந்து பறித்த கைகளில் தமிழர் கைகள் ஏராளம். அந்தத் தலைமுறைத் தோட்டத் தமிழருக்குச் சேமிப்பு என்றால் நகை. அவசரம் என்றால் அடகு. தராசில் ஏறும் நகைக்குள் அரக்கு எவ்வளவு என்பது அடகுக்காரர், ஆசாரி, வீட்டுக்காரி மூவருக்கும் பொதுவான கவலை.

கவலைக்குக் காரணம் உண்டு. தமிழகத்துத் தென்மாவட்டப் பாட்டிகளின் காதில் ஆடிய பாம்படமும் தண்டட்டியும் பார்வைக்குத்தான் கெட்டி. மெல்லிய பொன் தகட்டுக்குள் அரக்கை நிரப்பிச் செய்தவை அவை. அரக்கு இல்லாவிட்டால் தகடு நசுங்கும். மிஞ்சினால் பொன் விலைக்குப் பிசின் வாங்கிய கதைதான். பொன் வேலையில் நடக்கும் ஏய்ப்புகளைக் கௌடில்யரின் அர்த்தசாஸ்திரமே விரிவாகப் பட்டியலிடுகிறது என்றால், சந்தேகத்தின் வயது புரியும்.

பலாசு, இலந்தை போன்ற மரங்களின் கிளைகளில் ஒட்டி வாழும் சிறு பூச்சி சுரப்பதே அரக்கு. இதை ஆராய்வதற்கென்றே 1924-இல் ராஞ்சியில் ஒரு நிலையம் தொடங்கப்பட்டது. சூடு காட்டினால் இளகும், ஆறினால் இறுகும், ஸ்பிரிட்டில் கரையும். ஆசாரிக்கு வேண்டிய மூன்று குணமும் ஒரே பொருளில்.

நாகர்கோவிலை அடுத்த வடசேரியில் இந்த அரக்கு வேலையை இன்றும் பார்க்கலாம். புவிசார் குறியீடு பெற்ற கோயில் நகை செய்யும் ஊர் அது. பரதநாட்டிய மேடைக்கும் நகை அங்கிருந்து போகிறது. வெள்ளிக் கூட்டுக்குள் அரக்கை இளக்கி வைத்து, சிவப்புக் கெம்புக் கல்லை அழுத்துவார்கள். கல் இறங்க இறங்க ஓரத்தில் அரக்கு பிதுங்கும். அதைக் கூர்முனைக் கருவியால் சுரண்டி எடுக்க வேண்டும். பிசிறு நின்றால் கல்லைச் சுற்றி வைக்கும் தங்கரேக்கு படியாது. அவசரப்பட்டுத் தோண்டினாலோ கல்லே ஆடும்.

பிறகு வந்தது பசைக் காலம். ஹாரி கூவர் 1942-இல் எதேச்சையாகக் கண்ட சயனோஅக்ரிலேட், 1958-இல் சந்தைக்கு வந்து, இன்று ஃபெவிக்விக்காகப் பெட்டிக்கடையிலும் தொங்குகிறது. வீட்டிலேயே கம்மல், ஜிமிக்கி செய்பவர்களுக்கு அதுதான் ஆசாரி. ஆனால் அரக்குபோல அது சூட்டில் இளகி வழிவிடாது. கல்லோரம் வழிந்தால் வெள்ளைப் படலமாகக் காய்ந்து நிற்கும். உடைந்த அரக்கு நகையைச் சூடு காட்டிப் பிரித்து மறுபடி கட்டலாம். பசை நகைக்கு அந்த வசதி குறைவு.

எனவே நகைக்கு ஏற்ற வைத்தியம் வேண்டும். காய்ந்த ஃபெவிக்விக்குக்கு அசிட்டோன் தொட்ட பஞ்சுக் குச்சி போதும். பூச்சு முத்திலும் பிளாஸ்டிக் மணியிலும் அது படக்கூடாது. பாட்டி கொடுத்த அரக்கு நகையை வெந்நீரில் போடாதீர்கள், ஸ்பிரிட்டால் துடைக்காதீர்கள், வாசனைத் தைலத்தை நகை போடும் முன்பே பூசிவிடுங்கள். கல் ஆடினால் வீட்டில் பசை வைக்காமல் அரக்கு வேலை தெரிந்த ஆசாரியிடம் கொடுங்கள்.