புல்லோடு போன பன்றி



அழிந்துபோன மிருகம் என்றால் டைனோசரும் டோடோவும்தான் நமக்கு ஞாபகம் வரும். ஆனால் ஒரு மிருகம் உலகத்தில் வேறெங்கோ உயிரோடு இருக்கும்போதே ஒரு காட்டில் மட்டும் அழிந்து போகலாம். அதுவும் அதைக் காப்பாற்றவே அறிவித்த சரணாலயத்தில்! நம் நாட்டிலேயே நடந்த கதை இது.

மிருகத்தின் பெயர் பிக்மி ஹாக், அதாவது குள்ளப்பன்றி. உயரம் சுமார் 25 செ.மீ.தான். முழுதாக வளர்ந்தாலும் எடை 10 கிலோவைத் தாண்டுவது அபூர்வம். 1847-இல் பிரையன் ஹாட்ஜ்சன் இதை அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தினார். இமயமலை அடிவாரத்தில் ஆளுயரப் புல் வளரும் ஈரமான சமவெளிதான் இதன் வீடு. குட்டி போட மட்டுமல்ல, தினமும் படுப்பதற்கே புல்லைச் சேர்த்துக் கூடு கட்டும் பன்றி இது. புல் இல்லையென்றால் இதற்கு வாழ்க்கையே இல்லை.

1960-களில் இது அழிந்தே விட்டது என்று பலரும் நினைத்தார்கள். 1971-இல் அசாமின் பர்னாடி பகுதியில் புல்வெளி தீப்பிடித்தபோது, தப்பித்து ஓடிய சில பன்றிகள் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிடிபட்டன. அப்போதுதான் இன்னும் இருக்கிறது என்று உலகத்துக்குத் தெரிந்தது. 1980-இல் பர்னாடி வனவிலங்குச் சரணாலயமானது. பரப்பு சுமார் 26 சதுர கி.மீ.

பிறகு என்ன ஆயிற்று? கூரை வேய வெட்டுவதும், புதுப்புல் துளிர்க்கட்டும் என்று கோடைக்கு முன்பே கொளுத்துவதும், மாடு மேய்ப்பதும் தொடர்ந்தன. வருஷா வருஷம் எரிந்தால் கூடு கட்டப் புல் ஏது? ஒளியத்தான் இடம் ஏது? 1990-களில் பர்னாடியில் குள்ளப்பன்றியே இல்லை. மிச்சம் இருந்தது மானஸ் காட்டில் மட்டும்தான்.

காமர்ஸ் மாணவனுக்கு இது எப்படித் தெரியும் என்றால், ஸ்டாக் ரிஜிஸ்டரில் சரக்கு இருக்கிறது, குடோனைத் திறந்தால் காலி! நம் போடி ஏலக்காய் வியாபாரிகள் இப்படி விடுவார்களா? மாதாமாதம் மூட்டையை எண்ணிவிட மாட்டார்களா :-)

இன்னொன்றும் உறுத்துகிறது. ராஜஸ்தானின் சரிஸ்காவில் புலிகள் ஒன்றுகூட இல்லை என்று 2005-இல் தெரிந்ததும் நாடே அதிர்ந்தது. பிரதமர் தனிக் குழு அமைத்தார். குள்ளப்பன்றி போனபோது அப்படி எந்தப் பரபரப்பும் இல்லை. புலியைத் தேட ஆள் உண்டு, பன்றியைத் தேட?

நல்லவேளை, சிலர் தேடினார்கள். 1996-இல் டரல் அறக்கட்டளையும் அசாம் வனத்துறையும் மற்றவர்களும் சேர்ந்து மானஸில் ஆறு பன்றிகளைப் பிடித்து, கவுகாத்தி அருகே வளர்த்துப் பெருக்கினார்கள். அவற்றின் வாரிசுகளை 2008-இல் சோனாய் ரூபாயிலும், 2011-இல் ஒராங்கிலும், 2016-இல் பர்னாடியிலும் விட்டார்கள். பன்றியை விடுவதற்கு முன் புல்வெளியைத் தயார் செய்ய வேண்டியிருந்தது. எரிப்பதைக் கட்டுப்படுத்தாமல் பன்றியை மட்டும் கொண்டுவிட்டுப் பயன் இல்லையே! இந்தப் பன்றியின் உடம்பில் மட்டுமே வாழும் ஒரு பேன் இனமும் உண்டு. பன்றி போயிருந்தால் அதுவும் கூடவே போயிருக்கும்.

இதை ஏன் சிலமலையில் உட்கார்ந்து எழுதுகிறேன்? கோடையில் நம் போடி மலைச் சரிவிலும் புல் காய்ந்து எரிகிறது. 2018 மார்ச்சில் குரங்கணித் தீயில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், அதனால் அந்தத் தீ நமக்கு மறக்காது. மற்ற வருஷங்களில் எரியும் புல்லில் என்னென்ன சின்ன உயிர்கள் போகின்றன என்று யார் கணக்கு வைக்கிறார்கள்? 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. சந்தோஷம்தான். புலியை எண்ணப் போகிறவர்கள் சருகுமானையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்தால் நல்லது. பர்னாடியில் காலியான பிறகுதான் எண்ணிப் பார்த்தார்கள். இங்கே இருக்கும்போதே எண்ணிவிடலாமே!