மிச்சத்தில் கிடந்த காந்தம்

இயர்போனுக்குள் மிளகளவே இருக்கும் அந்தப் பளபளப்பான துண்டு இரும்பு, நியோடிமியம், போரான் மூன்றும் சேர்ந்த காந்தம். இரும்பை எல்லாருக்கும் தெரியும். நியோடிமியம் வந்த வழிதான் சுற்றுவழி. அதில் கன்னியாகுமரிக் கடற்கரையும் வருகிறது.

1885இல் வியன்னாவில் கார்ல் அவுவர் ஃபொன் வெல்ஸ்பாக், அதுவரை ஒரே தனிமம் என்று நம்பப்பட்ட டிடிமியத்தை இரண்டாகப் பிரித்தார். அதில் ஒன்று நியோடிமியம். ஆனால் அவருக்குப் பணம் தந்தது அது அல்ல, காஸ் விளக்கின் மேண்டில். பெட்ரோமாக்ஸ் ஏற்றிய வீடுகளுக்கு அந்த வெள்ளை வலைப்பை தெரிந்திருக்கும். அது தோரியத்தால் ஒளிரும். தோரியம் மோனசைட் மணலில் கிடைக்கும். ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டார். 1909இல் அதன் இருப்பிடம் கன்னியாகுமரிக் கடற்கரையின் மணவாளக்குறிச்சி என்று தெரியவந்தது. அந்த மணலில் தோரியம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். பாதிக்கு மேல் இருந்தவை நியோடிமியம் உள்ளிட்ட அருமண் தனிமங்கள். தோரியத்தை எடுத்தபின் அவை மிச்சமாகக் குவிந்தன. அவுவர் இத்தகைய மிச்சத்தையும் விடவில்லை; இரும்போடு கலந்து லைட்டர் கல் செய்தார். வலிமையான காந்தத்துக்கான பொருள் பல பத்தாண்டுகள் பீடி பற்றவைக்கத் தீப்பொறி தந்துகொண்டிருந்தது!

நியோடிமியத்தைக் காந்தத்தின் பக்கம் திருப்பியதில் ஆப்பிரிக்கச் சண்டை ஒன்றுக்கும் பங்குண்டு. 1970களின் வலிமையான காந்தம் சமேரியமும் கோபால்ட்டும் சேர்ந்தது. 1978இல் ஜயரின் (இன்றைய காங்கோ) கோபால்ட் சுரங்கங்கள் உள்ள ஷாபா மாகாணத்தில் போர் மூள, கோபால்ட் விலை எகிறியது. கோபால்ட்டுக்குப் பதில் மலிவான இரும்பை வைக்க முடியுமா என்று ஜப்பானில் மசாட்டோ சகாவாவும், அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸின் ஜான் குரோட்டும் தனித்தனியே தேடினார்கள். 1983 நவம்பரில் பிட்ஸ்பர்க் மாநாட்டில் இருவர் தரப்பும் தங்கள் நியோடிமியம்-இரும்பு-போரான் காந்தங்களை அறிவித்தன.

சாதாரண இரும்பிலும் ஒவ்வொரு அணுவும் ஒரு குட்டிக் காந்தம்தான். அக்கம்பக்கத்து அணுக்கள் கூட்டம் கூட்டமாக ஒரே திசை பார்க்கும். ஆனால் கூட்டத்துக்குக் கூட்டம் திசை வேறு, அதனால் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். எல்லாவற்றையும் ஒரு பக்கம் திருப்புவது பெரிதல்ல, திரும்பியதை அப்படியே நிறுத்துவதுதான் பாடு. இந்தக் காந்தத்தில் இழுக்கிற மாடு இரும்பு. அது வழிமாறாமல் பிடிக்கிற மூக்கணாங்கயிறு நியோடிமியம். 14 இரும்பு அணுக்களுக்கு 2 நியோடிமியம், 1 போரான். அந்த ஒற்றைப் போரான் இல்லாவிட்டால் இந்தப் படிக அமைப்பே நிற்காது.

செய்முறையில் எனக்குப் பிடித்த வேடிக்கை, கடைசி வரை அது காந்தமே இல்லை என்பது. உலோகக் கலவையை உருக்கி, சில மைக்ரான் பொடியாக்கி, காந்தப்புலத்துக்குள் வைத்து அழுத்துவார்கள். துகள்கள் ஒரே திசையில் வரிசையாகும். பிறகு ஆயிரம் டிகிரியை ஒட்டிய சூளை. ஏறக்குறைய 310 டிகிரி தாண்டினாலே இதன் காந்தத்தன்மை போய்விடும், எனவே சூளையிலிருந்து வருவது வெறும் கட்டி. அதை அறுத்து, துருப்பிடிக்காமல் நிக்கல் முலாம் பூசி, முடிவில் ஒரு கணம் கடுமையான மின்துடிப்பின் புலத்தைக் காட்டினால் காந்தம் பிறந்துவிடும்.

அதன்பின் அது போகாத இடமில்லை: ஹார்ட் டிஸ்க்கின் கை, ஸ்பீக்கர், மின்ஸ்கூட்டரின் மோட்டார். இயற்பியலாளர் சாமுவேல் டிங் தலைமையிலான ஏஎம்எஸ் விண்வெளிக் கருவியில் அண்டத் துகள்களை வளைப்பதும் இதுவே. 1998இல் டிஸ்கவரி ஓடத்தில் பறந்த அதே காந்தத்தை 2011இல் மறுபடி சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு ஏற்றினார்கள். அந்தப் பயணத்துக்கு முதலில் திட்டமிட்டது மீகடத்திக் காந்தம். அதைக் குளிர்விக்கும் ஹீலியம் சில ஆண்டுகளில் தீர்ந்துவிடும் என்பதால் பழையதே வென்றது.

நியோடிமியம் காந்தத்தின் பலவீனம் சூடு. சாதாரண வகை 80 டிகிரியைத் தாண்டினாலே தளரத் தொடங்கும், அதனால் மோட்டாருக்கானதில் டிஸ்புரோசியம் சேர்ப்பார்கள். 2025 ஏப்ரலில் சீனா டிஸ்புரோசியம் உள்ளிட்ட ஏழு அருமண் தனிமங்களுக்கும் அவற்றால் செய்த காந்தங்களுக்கும் ஏற்றுமதி உரிமத்தைக் கட்டாயமாக்கியபோது இந்திய வாகன ஆலைகளும் திணறின. மோனசைட் மணல் நம்மிடம் உண்டு. அதைக் காந்தமாக்கும் பெருந்தொழில்தான் சீனாவிடம். அதற்காக மணலை அள்ளிவிடுவதும் எளிதல்ல. கன்னியாகுமரி மாவட்டத்தில் கிள்ளியூர் வட்டாரத்துப் புதிய சுரங்கத் திட்டத்தைக் கடலோர மக்கள் எதிர்க்கிறார்கள். கதிரியக்கத் தோரியமும் அதே மணலில்தானே இருக்கிறது.

இன்னொரு சுரங்கம் பழைய இரும்புக் கடையில் இருக்கிறது. உடைத்த ஹார்ட் டிஸ்க்கின் காந்தம் இரும்போடு உருக்காலைக்குப் போனால் நியோடிமியம் கசடில் கலந்து வீணாகும். பர்மிங்காம் பல்கலைக்கழகத்தார் வேறு வழி கண்டிருக்கிறார்கள்: ஹைட்ரஜன் வாயுவில் வைத்தால் காந்தம் அதை உறிஞ்சி உப்பி, காந்தத்தன்மை இழந்து, தானே பொடியாக உதிர்கிறது. அந்தப் பொடியை மறுபடி அழுத்திச் சூளையில் வைக்கலாம்.