தலைப்பு இல்லாத பக்கம்



ராஜராஜ சோழன் தஞ்சைப் பெரிய கோயிலில் குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பட்டியல் அங்கே கல்வெட்டாக இருக்கிறது. ஆளுக்கு ஒரு பங்கு. பங்குக்கு 100 கலம் நெல். முதலில் தெரு, பிறகு சிறகு, தலைவீடு, இரண்டாம் வீடு என்று எண், பெயர். சிறகு மாறினால் அதைச் சொல்லிவிட்டு மறுபடி தலைவீட்டிலிருந்து தொடங்குவார்கள். அதனால் 1,000 ஆண்டு கழித்தும் யார் வீடு எது என்று குழப்பமில்லை.

நான் குழப்பினேன். பள்ளி மலருக்குப் பேஜ்மேக்கரில் நன்கொடையாளர் பட்டியல் போட்டோம். நடுவே 'மறைந்த மாணவர்கள்' பக்கம் வந்தது. அடுத்த பக்கத்தில் நன்கொடைப் பட்டியல் தலைப்பில்லாமல் தொடர்ந்தது. மகன் பெயரை அங்கே பார்த்த ஒரு தாய் அழுதுகொண்டே பள்ளிக்கு ஓடிவந்தார். மெய்ப்புப் பார்த்தவன் நான்தான்.

இப்போது இன்டிசைனில் வழி எளிது. '(தொடர்ச்சி)' சேர்த்த தலைப்பை அட்டவணையின் ஹெடர் வரிசையாக்கி, பக்கந்தோறும் வரச் செய்து, 'ஸ்கிப் ஃபர்ஸ்ட்' கொடுங்கள். முதல் பக்கத்தில் மறைந்து, அடுத்தவற்றில் மட்டும் வரும். முதல் பக்கத் தலைப்பை அட்டவணைக்கு மேலே தனியாக வையுங்கள்.

மலர் தயாரிக்கும் பிள்ளைகளே, பெயர் என்பது ஒரு வீட்டின் உயிர். தலைப்பைத் திரும்பப் போடச் சோம்பாதீர்கள்.