கொக்கி ஊசியும் கூலிக் கணக்கும்

1589-இல் வில்லியம் லீ காலுறை பின்னும் சட்டகத்தை உருவாக்கினார். 1785-இல் கார்ட்ரைட்டின் விசைத்தறி வந்தது. 1809-இல் ஹீத்கோட் வலைத்துணி இயந்திரத்துக்கு உரிமம் பெற்றார். நூல் சார்ந்த கைத்தொழில்கள் இவ்வாறு ஒவ்வொன்றாக ஆலைக்குள் சென்றபோது, ஒன்று மட்டும் வெளியிலேயே நின்றுவிட்டது. அதுவே குரோஷே எனப்படும் கொக்கிப் பின்னல். அண்மையில் ஆய்வுக்கூட முயற்சிகள் சில நடந்துள்ளன; எனினும் அதை ஆலை அளவில் செய்யும் இயந்திரம் இன்றளவும் நடைமுறைக்கு வரவில்லை. ஜவுளித் துறையில் 'குரோஷே இயந்திரம்' என்று வழங்குவது வேறொரு வகைப் பின்னலைச் செய்து, தோற்றத்தில் மட்டும் இதை ஒத்திருப்பது.

காரணம் பின்னலின் அமைப்பிலேயே உள்ளது. இரட்டை ஊசிப் பின்னலில் ஒரு வரிசைக் கண்ணிகள் முழுவதும் ஒரே நேரத்தில் ஊசிமேல் நிற்கும். அவற்றை வரிசையாகப் பிடிக்க இயந்திரத்தால் முடியும். கொக்கிப் பின்னலில் உயிரோடிருப்பது பெரும்பாலும் ஒரே ஒரு கண்ணிதான். ஊசி முன்பே முடிந்த பின்னலுக்குள் மீண்டும் நுழைந்து, சரியான துளையைத் தேடி, நூலை இழுத்து வரவேண்டும். அந்தத் துளை கண்ணுக்குத் தெரிவதைவிட விரலுக்கே அதிகம் தெரியும். நூலின் இறுக்கத்தை முடிவு செய்வது இடக்கை ஆள்காட்டி விரல். அது சற்றுத் தளர்ந்தால் பையின் ஒரு பக்கம் அகன்றுவிடும்.

பை இக்கலைக்குக் கடினமான தேர்வு. மேசை விரிப்பு எடை தாங்குவதில்லை. பை தாங்கியாக வேண்டும். கொக்கிப் பின்னலோ இயல்பாகவே நெகிழ்ந்து நீளக்கூடியது. ஆகவே தேர்ந்தவர்கள் அடிப்பகுதியில் தொடங்கி, வெட்டோ தையலோ இன்றிச் சுற்றுச் சுற்றாக மேலேறுவர்; நெருக்கமான ஒற்றைக் கண்ணியையே பயன்படுத்துவர்; கைப்பிடி தொய்யாமலிருக்க அதை இன்னும் இறுக்குவர்; உள்ளே துணி வைத்துத் தைப்பர்.

30 சென்டிமீட்டர் அகலமும் அதே உயரமும் உடைய ஒரு பருத்திப் பையை எடுத்துக்கொள்ளலாம். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 108 கண்ணிகள், 60 சுற்றுகள். மொத்தம் 6,480. ஒரு கண்ணிக்கு 3 விநாடி என்று தாராளமாக வைத்தாலும், கை ஓயாமல் ஐந்தரை மணி நேரத்துக்குச் சற்றே குறைவு. அடிப்பகுதி, கைப்பிடி, உள்துணி ஆகியவை இதில் சேரவில்லை. இப்பை சில நூறு ரூபாய்க்கு விற்கப்படுமானால், நூல் விலையும் இடைத்தரகும் கடைக்காரரின் பங்கும் போக, அந்த மணிகளுக்கு எஞ்சுவது என்ன? இயந்திரம் உழைப்பைக் குறைத்ததால் விலை குறைந்தது என்ற வழக்கமான விளக்கம் இங்கே பொருந்தாது. குறைக்க முடிந்தது கூலி ஒன்றையே.

இக்கூலிக்கு ஒரு வரலாறு உண்டு. 1840-களில் இங்கிலாந்தில் அச்சான பின்னல் கையேடுகள் நடுத்தர வர்க்கப் பெண்களின் ஓய்வுநேரத்துக்காக எழுதப்பட்டவை. பணப்பைகளும் கைப்பைகளும் அவற்றில் விருப்பமான மாதிரிகள். அதே பத்தாண்டில் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பஞ்சம். கார்க் நகரின் கன்னிமடமும், குளோன்ஸில் 1847-இல் தொடங்கிய காசாண்ட்ரா ஹேண்டின் முயற்சியும் கொக்கிப் பின்னலைப் பட்டினிக்கு எதிரான பிழைப்பாக மாற்றின. ஒருபுறம் பொழுதுபோக்கு, மறுபுறம் வயிற்றுப்பாடு: ஒரே ஊசிக்கு இரு வாழ்க்கைகள். விலை நிர்ணயத்தில் முதல் வாழ்க்கையின் பெயரே நிலைத்தது.

ஏறக்குறைய அக்காலத்திலேயே ஸ்காட்லாந்து மிஷனரிகள் வழியாக இக்கலை கோதாவரிக் கழிமுகத்துக்கு வந்தது. நர்சாப்பூரும் அதன் சுற்றுவட்டக் கிராமங்களும் லேஸ் பின்னலுக்குப் பெயர்பெற்றன. தொடக்கத்தில் அது புதிதாகக் கிறித்தவம் தழுவிய ஏழைப் பெண்களின் வேலை. பின்னர் வீட்டைவிட்டு வெளியே கூலிக்குச் செல்வதை இழுக்காகக் கருதிய காப்பு சாதிப் பெண்களிடமும் பரவியது. வயலுக்குப் போகாமல் வீட்டிற்குள் இருப்பதே கௌரவம் என்ற எண்ணம், வணிகருக்கு மலிவான கைகளைத் தேடித் தந்தது.

1970-களின் இறுதியில் அங்கே களஆய்வு செய்த ஜெர்மன் சமூகவியலாளர் மரியா மீஸ், நர்சாப்பூர் லேஸ் பின்னுவோர் பற்றிய தம் நூலை 1982-இல் வெளியிட்டார். முகவர் நூலைக் கொடுத்து, பின்னிய துண்டுகளைப் பெற்றுச் செல்வார். ஒருத்தி பூவைப் பின்னுவாள், வேறொருத்தி இணைப்பாள், முழுப்பொருள் எப்படியிருக்கும் என்பதைப் பின்னியவளே காணாமல் போவதும் உண்டு. வீட்டுவேலைகளுக்கு மேல் நாளுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் பின்னியும், அவர்களுக்குக் கிடைத்தது விவசாயப் பெண் தொழிலாளருக்கு அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலியைவிட மிகக் குறைவு. ஏற்றுமதியாளர்களோ செழித்தனர். அப்பெண்கள் தொழிலாளர்களாகக் கருதப்படவில்லை; 'சும்மா இருக்கும் நேரத்தில்' பின்னுபவர்களாகவே கருதப்பட்டனர். இதை விளக்க மீஸ் கையாண்ட கருத்தாக்கத்தை 'இல்லத்தரசியாக்கம்' எனத் தமிழில் கூறலாம். உலகச் சந்தைக்கு உற்பத்தி செய்பவளை இல்லத்தரசி என்று வரையறுத்துவிட்டால், அவளுக்குக் கொடுப்பது ஊதியமாக அன்றிக் கைச்செலவுக் காசாகத் தோன்றும். மீஸின் நூல் இந்தியப் பெண்ணிய ஆய்வுகளில் பலமுறை மேற்கோள் காட்டப்பட்டுள்ளது. கைவினைக் கண்காட்சிகளின் விளம்பர ஏடுகளில்தான் அதன் சாயலைக் காண்பது அரிது.

2024-இல் நர்சாப்பூர் குரோஷே லேஸ் பொருட்களுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இயந்திர லேஸின் போட்டியால் தளர்ந்திருந்த ஒரு தொழிலுக்கு இது தேவையான அங்கீகாரமே. ஆயினும் அச்சட்டம் காப்பது பெயரையும் பிறப்பிடத்தையும். பதிவுபெற்ற பொருளின் தன்மை, செய்முறை, நிலப்பகுதி ஆகியவை விண்ணப்பத்தில் விவரிக்கப்படும். ஒரு பூவுக்கு, ஓர் இணைப்புக்கு, ஒரு பைக்கு எவ்வளவு கொடுக்கப்படுகிறது என்பதற்கு அதில் கலம் இல்லை. அந்தக் கணக்கு இன்னும் முகவரின் குறிப்பேட்டில்தான் எழுதப்படுகிறது, துண்டு எண்ணிக்கையில், மணிக்கணக்கில் அன்று.